பன்னிரண்டு பீஸ்

ஆட்கள் வந்துவிட்டார்கள், பெட்டிகள் வரவில்லை.
உலான்பாதரில் ஏற்றிய பனியன்கள்
ஏதோ ஒரு விமான நிலையத்து உருளைப் பட்டையில்
இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகத் தகவல்.
ஆசியக் கழகங்களின் கூடைப்பந்துக் கோப்பை, கோவையில்.
விடிந்தால் முதல் ஆட்டம்,
எதிரே நம் நொய்யல் கழகம்.

இரவு ஏழரைக்குக் கருவம்பாளையத்தில்
என் ஷெட்டுக்கு முன்னால் வேன் நின்றது.
இறங்கினார்கள். இறங்கினார்கள்.
ஒவ்வொருவனும் இறங்கி முடிக்கவே நேரமாயிற்று.
“ஏனுங்கக்கா, பன்னெண்டு பீஸுங்க,
காலைல ஆறுக்கு வேணுங்க”
என்றான் கமிட்டிப் பையன் தீர்த்தகிரி.
பதினெட்டு வருசத்தில் நான் எடுத்த
மிகச் சின்ன ஏற்றுமதி ஆர்டர்.

அடர்நிறம் வேண்டும், அது விதியாம்.
ரேக்கில் இருந்தது ஒன்றுதான்:
ஷேடு சேரவில்லையென்று ஜெர்மனிக்காரன் திருப்பிவிட்ட
கத்தரிப்பூ மெஷ், மூன்று ரோல்,
போன சித்திரையிலிருந்து வட்டி கட்டும் துணி.

ஸ்டூல் போட்டு ஏறி அளவெடுத்தேன்.
பதினான்காம் எண், கன்போல்ட்.
டேப்பின் முனையை அவன் காலடியில் வைத்து இழுத்தால்
அறுபது அங்குலமும் நெஞ்சோடு தீர்ந்துபோனது.
மேலே இன்னும் ஆள் இருந்தான்.
“ஆளுங்களா, ஈபி போஸ்டுங்களா”
என்றார் கட்டிங் மாஸ்டர் குப்புராசு,
சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு.

இதுவரை நான் தைத்ததெல்லாம்
எஸ், எம், எல் என்கிற எழுத்துகளுக்கு.
லட்சலட்சமாய்க் கப்பலேறிப் போயிருக்கும்.
ஒன்றையாவது மாட்டிக்கொண்டு
ஒருத்தராவது என் முன்னால் வந்து நின்றதில்லை.
அன்றைக்கு எழுத்துகளுக்கு அக்குள் இருந்தது,
முழங்கையில் தழும்பு இருந்தது,
பசி இருந்தது: பரோட்டா மட்டும் எழுபது.

ஓவர்லாக்கில் சுபாஷ் பெஹெரா, கஞ்சம் ஜில்லாக்காரன்.
அவனுக்கும் அவர்களுக்கும் பொதுவாய் ஒரு சொல் இல்லை.
தீர்ந்த நூல்கண்டின் கூம்பை
உட்கார்ந்த இடத்திலிருந்தே வேஸ்ட் கூடைக்கு வீசினான்.
விழுந்தது.
மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன்
கண் திறக்காமல் மூன்று விரலை உயர்த்தினான்.

ஐந்தே முக்காலுக்கு முதுகில் ஒரு சாண் உயர எண்கள்.
ஆறுக்கு வேன் போய்விட்டது.

பேருந்தில் நின்றபடியே கோவை போனேன்.
அரங்கமே நொய்யல் நொய்யல் என்றது.
நானும் சொன்னேன், தொண்டை கட்டும்வரை.
மூன்றாம் கால்பகுதியில் நாம் ஆறு புள்ளி முன்னால்.
ஆனால் என் கண் பந்தில் தங்கவில்லை,
தோள்தையலில் தங்கியது.

கடைசி நிமிடம். வளையத்துக்கடியில்
நம் சென்னியப்பன் கன்போல்டின் பனியனைப் பற்றி இழுத்தான்.
ஒரு முழம் நீண்டது கத்தரிப்பூ.
பிரியவில்லை.
“அப்படிப் போடு!” என்று கத்திவிட்டேன்.
முன்வரிசைக்காரர் திரும்பினார்:
“ஏனுங்க, நீங்க எந்தூருங்க?”
ஃபவுல். இரண்டு எறிதல். இரண்டும் உள்ளே.
ஒரு புள்ளியில் தோற்றோம்.

அதுகூடப் பரவாயில்லை.
அவனது இடது அக்குளோரம் ஒரு நூல்முனை,
வெட்டாமல் விட்டது, இரண்டங்குலம்.
அவன் குதித்தபோதெல்லாம் அதுவும் குதித்தது.
நாலாம் கால்பகுதி முழுக்க
என் விரல்கள் மடியில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தன.

முடிந்ததும் ட்ரிம்மரோடு கீழே ஓடினேன்.
“பாஸ் இருக்குதுங்களா?”
“ஒரே ஒரு நூலுங்க.”
காவலருக்குப் புரியவில்லை.
துண்டால் முகத்தைத் துடைத்தபடி
அவன் உள்ளே போனான், நூலோடு.

பெட்டிகள் அன்று பொழுதோடவே வந்துவிட்டனவாம்.
மறுநாளும் கத்தரிப்பூதான் போட்டார்கள் என்றான் தீர்த்தகிரி.
பில் இன்னும் பாஸாகவில்லை.

உலான்பாதரில் இப்போது மைனஸ் இருபத்தெட்டு,
போனில் பார்த்தேன்.
அங்கே துணியை எங்கே காயப்போடுவார்கள்,
நூல் விறைத்து நிற்குமா, தெரியவில்லை.
சுபாஷைக் குறை சொல்ல முடியாது.
அந்தப் பீஸுக்குச் செக்கிங் பார்த்தவள் நான்.