எட்டாம் வேற்றுமை

ஐந்தாம் பாலத்தடியில் காரை விட்டோம்.
எட்மன்டனிலிருந்து நாலு மணி நேரம்
துவாரகன் ஹெட்போனுக்குள் இருந்தான்.
பலகையில் ஆற்றின் பெயர் மலீன்.
'மலினம் மாதிரிக் கிடக்கு' என்றான் ஜெகதீபன்.
கீழே ஓடிய தண்ணீரில்
கூழாங்கல்லின் வரிகளை எண்ணலாம்.

'தண்ணிப் போத்தல் எங்க?'
'ஜக்கெட் தேவைப்படுமா?'
துவாரகனின் கேள்விகள் காற்றைப் பார்த்தே வரும்.
காற்றுக்காக நான் பதில் சொல்வேன்.
பதினான்கு மாதமாக இப்படித்தான்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
வேற்றுமை எட்டையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்,
ஐ, ஆல், கு, இன், அது, கண்.
வீட்டில் எனக்கென்று ஏழுதான் புழக்கம்.
'இவவுக்குக் குடுங்கோ.'
'இது இவவின்ர திறப்பு.'
விளி மட்டும் என் பக்கம் வந்ததில்லை.

அவனுக்கு அம்மா உண்டு, ஹாலிஃபாக்ஸில்.
ஞாயிறு காலை அழைப்பாள்.
அந்தச் சொல் கதவிடுக்கால்
சமையலறை வரை வரும்.
நான் குழாயைத் திறந்துவிடுவேன்.
அதற்கு நான் ஆசைப்பட்டதில்லை.
அன்ரி போதும்.
நளாயினி என்று வெறும் பெயரைச் சொன்னாலும்
திரும்பியிருப்பேன்.

ஏற ஏறப் பள்ளம் ஆழமாகியது,
ஆறு மெலிந்தது.
நாலாம் பாலத்துக்குக் கீழே
பாறைச் சுவரின் வெடிப்புகளிலிருந்து
எங்கிருந்தென்று தெரியாத தண்ணீர்
தானாகக் கொட்டிக்கொண்டிருந்தது.
'கீழ இவ்வளவு, மேல கொஞ்சம்.
மிச்சம் எங்கயிருந்து வந்தது?'
கம்பியிடம் கேட்டான்.
கம்பிக்குச் சொன்னேன்:
மேல ஒரு ஏரி இருக்கு, அடியில ஓட்டை.
மலைக்குள்ளால கிலோமீற்றர் கணக்கா வந்து
இங்கதான் வெளிச்சம் பாக்குது.
'ஆரும் உள்ளுக்குப் போய்ப் பாத்தவையா?'
இல்லை.
'பிறகெப்படி அதே தண்ணி எண்டு தெரியும்?'
சாயம் கலந்து பாத்தவையாம்.
கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான்.
'என்ன நிறம்?'
எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் பாலத்தில் ரோல்ஸ் பிரித்தோம்.
வாசம் பிடித்து ஓர் அணில் வந்தது.
அதன் கோடுகள் விலாவில்.
'ராமர் அவசரத்தில தடவியிருப்பார்'
என்றான் ஜெகதீபன், முழங்காலைத் தேய்த்தபடி.
துவாரகன் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன், கடமைக்கு.

இரண்டாம் பாலத்தில்
இரு பக்கப் பாறைகளும்
ஒன்றையொன்று தொட்டுவிடும் தூரம்.
ஐம்பது மீற்றர் கீழே
வெள்ளையாக ஏதோ தன்னையே அரைத்துக்கொண்டிருந்தது.
சத்தம் காதுக்கு வரவில்லை,
பல்லுக்கு வந்தது.
முன்னே போய்க் கம்பியில் சாய்ந்து நின்றவள்
ஏனோ திரும்பினேன்.

பாலத்தின் மறுதலைப்பில் துவாரகன்
இரண்டு கையையும் வாயில் குவித்து
என்னைப் பார்த்து,
என்னைத்தான் பார்த்து,
கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.
ஆறு ஒரு எழுத்தையும் விடவில்லை.
கையை எடுத்துவிட்டு மறுபடி கத்தினான்.
மகரமென்றால் உதடு ஒட்டும்,
நகரமென்றால் ஒட்டாது.
ஒட்டியதா என்று பார்ப்பதற்குள்
என் கண்ணாடியெல்லாம் நீர்த்தூசி.

துடைத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றான்.
'சப்பாத்துக் கயிறு அவிண்டிருக்கு'
என்றான், என் காலைக் காட்டி.
குனிந்து கட்டினேன்,
இரண்டு முடிச்சு,
பிறகு தேவையில்லாத மூன்றாவது.
என்னெண்டு கூப்பிட்டனி என்று
கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான்,
அதுதான் பயம்.

ஜெகதீபன் வந்து சேர்ந்து மூச்சு வாங்கினான்.
முதலாம் பாலம் இன்னும் கொஞ்சத் தூரம்.
'வீட்டை போனதும் அந்தச் சாயம்
என்ன நிறமெண்டு பாக்கோணும்'
என்றான் துவாரகன், முன்னே நடந்தபடி,
எவரையும் விளிக்காமல்.