ஒரு எச்சரிக்கை மட்டும்

பெரும்போக நெல் வாசல்வரை அடுக்கிக் கிடந்த கிழமையில்
மில்லின் பழைய கணினி செத்துப்போனது.
மாசி மாதம், சம்மாந்துறை,
தராசுக்கு முன்னால் உழவு மெசின்களின் வரிசை.
உதுமாலெவ்வை ஹாஜியார் கல்முனையில் வாங்கிவந்த
செகண்ட் ஹேண்ட் பெட்டியில் லினக்ஸ் இருந்தது,
தராசின் மென்பொருள் இல்லை.
செய்து தந்தவன் கட்டாரில். ஃபோன் எடுக்கிறானில்லை.
பழைய வன்தட்டில் மிஞ்சியது
அவன் எழுதிய மூலநிரல், ஒரு கோப்புறை.

"அரிசி இல்ல ஹாஜியார், நெல்லாத்தான் கிடக்கு."
அவருக்கு அது விளங்கியது.
"அப்ப குத்து மனே."

மேக் என்று தட்டினேன்.
ஒரு லைப்ரரி இல்லை என்றது.
அதை இறக்கினேன், அது இன்னொன்றைக் கேட்டது,
அந்த இன்னொன்று
யாரும் இப்போது வைத்திராத பழைய பதிப்பொன்றை.
கடன் வாங்கப் போன வீட்டில்
அவர்களும் நம்மிடம் கடன் கேட்பதைப் போல.
டேட்டா முடிந்தது.
ஆதம்பாவா தன் ஃபோனை நெல் மூடையில் சாய்த்துவைத்து
ஹொட்ஸ்பொட் தந்தார்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.
இருட்டில் நுளம்பும், நெல்லின் சூடும்.
மறுகா வந்தபோது
பாதியில் நின்ற ஒரு கோப்பை மட்டும் அழித்தேன்.
மேக் முதலிலிருந்து தொடங்கவில்லை,
விட்ட இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

ஒன்றரை மணிக்கு வரிகள் ஓடி நின்றன.
பிழை இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்:
வரி 212. ஈரம் என்ற மாறிக்குப் பெறுமதி இடப்படுகிறது.
எங்கும் பயன்படவில்லை.

பழைய கம்பைலர் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

திறந்து பார்த்தேன்.
ஆதம்பாவா மூடைக்கு மூடை கம்பி குத்தி
பதின்மூன்று, பதினாலரை என்று கத்த
ஏழு போகமாய் நான் தட்டிய எண்ணெல்லாம்
212இல் வந்து இறங்கி
அங்கேயே கிடந்தன.
213: எடை, கழித்தல் இரண்டு.
காய்ந்ததற்கும் இரண்டு கிலோ. நனைந்ததற்கும் இரண்டு.
எழுதியவன் போட்டதா, எழுதச் சொன்னவர் போட்டதா,
பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

கதிரையில் தூங்கிய ஹாஜியார் கண் திறந்தார்.
"முடிஞ்சுதா?"
"ஒரு எச்சரிக்கை."
"பிழை இல்லையே?"
"இல்ல."
"ஓடுமா?"
"ஓடும்."
"மறுகா என்ன" என்று வீட்டுக்குப் போனார்.

நான் போகவில்லை.
இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில்
ஈரத்தை வைத்துக் கணக்கெழுத நாலு வரி பிடித்தது.
மறுபடி மேக்.
இந்த முறை அது ஒன்றுமே சொல்லவில்லை.

விடிய, முதல் ஆள் வீரமுனைக் கோபாலபிள்ளை.
பத்து மூடை ஏறி இறங்கியதும்
துண்டை வாங்கி விரல்விட்டு எண்ணினார்,
வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.
ஹாஜியார் அதை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"புதுப் பெட்டி கூடக் காட்டுதே மனே?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.
ஆதம்பாவா அடுத்த மூடையில் குத்தினார்.
"பன்னிரண்டேகால்!"
தட்டினேன்.