பச்சை தெரியவில்லை

மறிச்சான் குளத்துக் கரையில்
புரட்டாசி பதினெட்டாம் தேதி
நாற்பத்திரண்டு பேருக்கு வருகை போட்டேன்.
சாக்குச் சாக்காய்ப் பனங்கொட்டை.
எட்டடிக்கு ஒரு குழி, முழங்கை ஆழம்.
பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் திட்டம் என்று
நாங்குநேரியிலிருந்து பேனர் வந்திருந்தது.
பத்து மணி வெயிலுக்கு அதை
நாலு கம்பில் இழுத்துக் கட்டி
அடியில் தூக்குவாளிகளை வைத்தோம்.

ஒரு வருச மழை
ஒரே ராத்திரியில் கொட்டிய மார்கழியில்
மடைக்குத் தெற்கே கரை உடைந்தது.
வடக்கே உடையவில்லை.
வடக்கே பதினொரு பனை நின்றது.
அறிக்கையில் தேடிப் பார்த்தேன்:
பழைய கரை, மண் தளர்வு.
தெற்கே கரையைச் சரித்து
டிப்பர் ஏறி இறங்கிய தடம்
அறிக்கையில் இல்லை,
எங்கள் வாயிலும் இல்லை.

ஆவுடைத்தாய்தான் கேட்டாள்.
"ஏ பொறுப்பு,
எட்டடி எட்டடியின்னு போனா
தடத்துல எத்தன குழி விழும்?"
ரெண்டு.
"நாலாப் போடுடே.
பன வந்துட்டா வெட்டதுக்குக்
கலெக்டரு கையெழுத்து வேணும்லா."
சக்கரம் ஏறாதா?
"ஏறும். கொட்ட கீழ கெடக்கு.
அது எங்க கெடக்குன்னு லாரிக்குத் தெரியவா போவுது?"

ஐப்பசியில் படம் எடுத்து ஏற்றினேன்: மண்.
கார்த்திகையில்: மண், கொஞ்சம் அருகம்புல்,
யாரோ ஒருவரின் ஆட்டுக்கால்.
பச்சை தெரியவில்லை என்று
செயலி திருப்பி அனுப்பியது.
"நாலு வேப்பங்கன்ன ஊனிப் படம் எடும்வே,
போன வருசம் எடுக்கலியா?" என்றார்
ஒன்றிய அலுவலகத்து இம்மானுவேல்.
எடுத்தேன்.
அதற்கு முந்தின வருசமும், அதே குழியில்.
ஆடுகளுக்குத் தேதி மனப்பாடம்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்க
ஒரு குழியைத் தோண்டினேன்.
மேலே ஒரு இலை இல்லை.
கீழே முழம் நீளத்துக்கு
வெளுத்த விரலொன்று நேராக இறங்கியிருந்தது.
இழுத்தேன். வரவில்லை.
இன்னும் தோண்டி இழுத்தபோது
கரையில் ஒரு கூடை மண்ணைக்
கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தது.

படம் எடுத்தேன்.
அட்சரேகை சரி, தீர்க்கரேகை சரி,
நேரம் பதினொன்று இருபது.
பச்சை தெரியவில்லை.

ஆவுடைத்தாய் அதை வாங்கிச்
சேலையில் மண் துடைத்துக்
காவோலைத் தீயில் புரட்டினாள்.
தோல் உரித்து, நடுவில் ஒடித்து,
தும்பை இழுத்துப் போட்டுவிட்டுப்
பாதியை நீட்டினாள்.
"கொன்னாச்சு. தின்னுரு."
தின்றேன்.
லேசாய்க் கசந்தது.

உயிருடன் உள்ளவை என்ற கட்டத்தில்
நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று குறைத்து எழுதினேன்.
மற்றதைத் தோண்டவில்லை.
நேற்று ராத்திரி டிப்பர் போகும் சத்தம் கேட்டது,
ரெண்டு நடை.
தடத்தில் போட்ட நாலையும்
சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.