மரமணி வகை

ஏலக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளைக்கு வேலை குறைந்த பங்குனியில்
போடியிலிருந்து மாளாவுக்கு பஸ் ஏறினேன்.
பள்ளியின் பழைய கணக்குப் புத்தகங்களை
ஸ்கேன் செய்ய ஆள் வேண்டுமாம்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய், மதியம் சோறு.

சர்ச்சைப் பள்ளி என்கிறார்கள் அங்கே.
யூதர்கள் விட்டுப்போனதும் பள்ளிதான்,
மசூதியும் பள்ளி.
வழி கேட்கிறவன் பாடு திண்டாட்டம்.

கரையான் பாதி தின்ற 1951:
மெழுகு, ஓடு, பெருநாள் வெடி,
மாதாமாதம் 'ஹய்யீம் கடை எண்ணெய்'.
வரவுப் பக்கத்தில் ஒரு வரி:
கப்பியார் சாக்குண்ணி, அபராதம், எட்டணா.
துக்கவெள்ளி வாசிப்பின் நடுவே மரமணி அடித்ததற்கு.

அடுத்த வருடமும் எட்டணா.
அதற்கடுத்த வருடம் அச்சன்
பேனாவை அழுத்தியிருக்கிறார், தாள் கிழிய:
'அதே இடம். அதே வசனம்.'

வியாழன் இரவிலிருந்து வெண்கலம் வாய் திறக்காது.
பலாக்கட்டையும் சுத்தியலும்தான் குரல்.
அடிக்கச் சொன்ன இடத்தில் அடிக்க வேண்டும்.
அவர் அடித்தது,
கூட்டம் பிலாத்துவிடம் கத்துகிற இடத்தில்:
அவன் ரத்தம் எங்கள்மேலும்
எங்கள் பிள்ளைகள்மேலும்.

இனி நான் சொல்வதற்கு வவுச்சர் கிடையாது.

வாசிப்பு அன்றைக்கு சுறியானியில்.
முட்டி போட்டிருந்த முந்நூறு பேருக்கும்
அது மழை ஓட்டில் விழுகிற சத்தம்.
புரிந்த காது ஒன்று உண்டு, தெருவுக்கு அப்பால்.
வெள்ளி சாய்வதற்குள் கடையை அடைத்து
விளக்குக்குத் திரி போட ஓடும் ஹய்யீம்.
சின்ன வயதில் அவர் ராகம் போட்டுப் படித்த
பழைய அரமாயச் சொற்களுக்கு
ஒன்றுவிட்ட தங்கை அந்த சுறியானி.
ரத்தத்துக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சொல்.

எண்ணெய் வாங்கப் போன ஒருநாள்
சாக்குண்ணி கேட்டிருப்பார்:
வருஷாவருஷம் கேட்கிறேன், அதுக்கு என்னதான் அர்த்தம்?
தராசிலிருந்து கண்ணெடுக்காமல்
ஹய்யீம் சொல்லியிருப்பார்.
மீதிச் சில்லறையையும் சரியாகக் கொடுத்திருப்பார்.

சாக்கு என்றால் ஈசாக்கு.
கப்பியாருக்குத் தன் பெயர் எங்கிருந்து வந்ததென்று
அன்றுதான் தெரிந்ததோ என்னவோ.

நானூறு வருடத்துக்கு முன்னால்
சிலுவைக் கொடி கட்டிய கப்பல்களில் வந்தவர்கள்
இவர்களுடைய சுறியானிப் புத்தகங்களை எரித்தார்கள்,
கொடுங்கல்லூரில் அவர்களை வீட்டோடு துரத்தினார்கள்.
புகை ஒரே வானத்துக்குத்தான் போனது.
அதற்கப்புறமும் ஒரு பக்கத்தார்
மறுபக்கத்தாரைப் பற்றி
அந்த வசனத்தை விடாமல் வாசித்தார்கள்.
பெசகா இரவில் புளிக்காத அப்பம் பிட்டார்கள்,
அந்தப் பெயரும் கடன் வாங்கியதுதான்.
எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, தேங்காய்ப்பாலில் நனைத்து.
உளுந்து வாசனை.
யாரிடம் வாங்கிய கடன் என்று யாரும் பேசவில்லை.

1955, தை மாதத்துப் பக்கம்.
கப்பல் ஏறப் போகிறவர்களின் பாக்கிகள் வரிசையாக.
கடைசியில்:
ஹய்யீம், ரொக்கம், ஐந்து ரூபாய்.
சாக்குண்ணி மரமணி வகை, வரும் வருடங்களுக்கு.

எட்டணா வீதம் பத்து துக்கவெள்ளி.

வாங்கும்போது அச்சன் முகம் எப்படி இருந்தது?
கையெழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

அதன்பின் அபராதமே இல்லை.
கேட்கக் காது போய்விட்டதென்று
கிழவர் சுத்தியலைக் கீழே வைத்தாரா?
அடித்தார், அச்சன் எழுதவில்லையா?
வருடக் கடைசிக் கூட்டலில் ஐந்து ரூபாய் இடிக்கிறது.
மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன்.
செலவிலும் இல்லை, இருப்பிலும் இல்லை.

பூட்டிய யூதப் பள்ளியைத் தாண்டித்தான்
பஸ் ஸ்டாண்டுக்கு வழி.
சாவி பஞ்சாயத்தில் இருக்கிறதாம்.

அந்தப் பக்கத்தை இரண்டு தரம் ஸ்கேன் செய்தேன்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்.