திட்டு

லைசென்ஸ் வந்து பதினேழு நாள்.
ஞாயிறு, மஞ்சக்குப்பம்,
பால் வண்டி போன பிறகு
பழைய ஆம்னியின் சாவியை
என் கையில் வைத்தார்,
கொடுத்த மாதிரியும் இல்லை
விட்ட மாதிரியும் இல்லை.

பின்னால் இலக்கியா, முகிலன்,
நடுவில் நாத்தனார் அஞ்சுகம்,
அவள் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு.
"பள்ளத்துல விட்டீங்க, சோறு உங்க தலைலதான் அண்ணி."

தென்பெண்ணைப் பாலம்.
மணல் நடுவே கொஞ்சம் தண்ணீர்,
தண்ணீரில் கொஞ்சம் வானம்.
"அங்க என்ன பார்வை? ரோட்டப் பாரு."
ஆற்றைப் பார்க்காமல் ஆற்றைக் கடப்பது எப்படி என்று
எட்டுப் போடப் பழக்கியபோது
யாரும் சொல்லித்தரவில்லை.

பெரிய சாலையை விட்டுக் கடலோரம் திரும்பினோம்.
தாழங்குடா தமிழ்நாடு.
கொஞ்சம் தள்ளினால் புதுச்சேரி.
"இந்தத் தென்னை எந்த மாநிலம்?" என்றான் முகிலன்.
"வேர் அங்க, காய் விழுறது இங்க" என்றாள் அஞ்சுகம்.
அவர் சிரிக்கவில்லை.
இல்லாத பிரேக்கை
வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

சவுக்குத் தோப்பு ஏதோ சொல்லச் சொல்லக்
கடல் உம் கொட்டிக்கொண்டே வந்தது.
பிறகு குப்பம்.
பாதிச் சாலையில் நெத்திலி காய்ந்தது,
மீதிப் பாதியில் நான்,
எதிரே ஐஸ் ஏற்றிய டெம்போ.
"ரிவர்ஸ் போடு. அதுவா ரிவர்ஸ்? கிளட்ச், கிளட்ச்!"
வண்டி இருமி நின்றது.
கிளப்பினேன். இருமியது.
மீன் புரட்டிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து
நெத்திலி விரிப்பை ஒரு முழம் மடக்கினாள்.
குனிந்து அவர் பக்கக் கண்ணாடியில்,
"நீ செத்த சும்மா இருண்ணே. அது வரும்" என்றாள்.
அது என்றது வண்டியையா என்னையா,
இன்னும் தெரியவில்லை.
வந்தது.

அடுத்த பெயர்ப்பலகை: பனித்திட்டு.
"பனி எங்கம்மா?"
"பனிதான் இல்ல" என்றாள் அஞ்சுகம்,
"திட்டு காலைலேர்ந்து கூடவே வருது."
வண்டி குலுங்கச் சிரித்தோம்.
அவர் உதடும் ஓரத்தில் கோணியது.
நீர் சூழ்ந்த மேட்டுக்கும்
வாயிலிருந்து வரும் இதற்கும்
ஒரே சொல்லை வைத்தவன்
பெண்டாட்டிக்கு வண்டி பழக்கியவனாகத்தான் இருப்பான்.

சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை.
வரிசை வாசலைத் தாண்டி வளைந்திருந்தது.
எங்களுக்கு முன் மூன்று பேர் இருக்கையில்
டிக்கெட் ஜன்னலைச் சாத்தினார்கள்.
தீவு அந்த வளைவுக்கு அப்பாலாம்.
இப்பால் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம்.
ஆரஞ்சு மேலங்கி மாட்டிப் படகில் போனவர்கள்
கையசைத்தார்கள்.
முகிலன் அப்பளத்தை அசைத்தான்.
இலக்கியா கொஞ்சம் அழுதாள்,
அழுதபடி இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

திரும்பும்போது பெரிய சாலை.
எல்லைக்கு முன் கடைசி பங்கில்,
விலை குறைவு என்று,
டேங்க் நிறையப் போட்டார்.
அதுதான் அவர் விழித்துச் செய்த கடைசிக் காரியம்.

முள்ளோடையில் வண்டியை ஓரங்கட்டச் சொன்ன காவலர்
டார்ச்சை உள்ளே அடித்தார்.
வெளிச்சத்தில் அவர் வாய் திறந்து கிடந்தது.
"சரக்கா?"
"இல்ல சார், தூக்கம்."
கால்மிதியில்
அந்த வலது கால்
செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்தது.

பாலத்தில் ஆற்றைப் பார்த்தேன்.
ரோட்டையும் பார்த்தேன்.
இரண்டுக்கும் இடமிருந்தது.

வீட்டுத் தெருவுக்கு இண்டிகேட்டர் போட்டேன்.
டிக் டிக் என்றது,
பாத்திரம் விளக்காத அடுப்படி,
நாளைக்கு ஊறவைக்காத உளுந்து.
அணைத்தேன்.

"அண்ணி," பின்னாலிருந்து மெல்ல,
"நம்ம தெரு போயிடுச்சு."

"தெரியும்" என்றேன்,
தேவனாம்பட்டினம் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி.