என் வாயில் இருந்த ள

முக்கூடலுக்கு எனக்கு முன்னால் வந்தது இலை.
அங்குலுக்கு மேற்கே காட்டில், சித்திரை வெயிலில்,
இருபது இருபதாக நான் கட்டிக்கொடுத்த அதே கெந்து இலை.
லாரியில் அதற்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள்.
எனக்கு ரயிலில் கக்கூஸ் ஓரம்,
மடியில் ஜில்லி, இரண்டு ராத்திரி.
இங்கே அதற்குப் பெயர் பீடியிலை.
எனக்குப் பெயர் இந்திக்காரி.

இந்தி எனக்கு வராது என்று
எந்த மொழியில் சொல்வது?
முதல் ஆறு மாசம் சிரித்தேன்.
பால் கேட்டுச் சிரித்தேன், மாத்திரை கேட்டுச் சிரித்தேன்,
வாடகையை ஏற்றியபோதும் சிரித்துவிட்டேன்.
"நல்ல பிள்ள, வாயே தொறக்காது" என்றார்கள்.
ஊரில் என் வாய்க்குப் பயந்து
மாமியார் தனி அடுப்பு வைத்திருந்தாள்.

மினதி என்று சொன்னேன்.
முப்பிடாதி அக்காவுக்கு அது மீனா.
பீடிக்கடைப் புத்தகத்தில் அந்த மீனாவும் கிடையாது.
பாஸ் அக்கா பேரில். விரல் என்னுடையது.
சனிக்கிழமை அவள் பிடித்துக்கொண்டது போக மீதியைத் தருவாள்.
ஏமாற்றுகிறாள் என்று
கல்குவாரியிலிருந்து வந்து என் புருஷன் கத்துகிறான்.
ஜில்லிக்கு வலிப்பு வந்த ராத்திரி
அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிவரை
ஆட்டோவில் அவளை நெஞ்சோடு பிடித்திருந்தது அக்கா.
எதை எதில் கழிப்பது?
ஒரே தட்டில் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி முனகினாள்:
"பொளைக்க வந்தவளுக்கு என்ன அவசரம்."
வீட்டுக்கு வந்து ஜில்லியிடம் கேட்டேன்.
அவள் இரண்டாம் வகுப்பு.
"அது பொளை இல்லம்மா, பிழை.
பிழைன்னா தப்பு. டீச்சர் சிவப்பு மையில வட்டம் போடுவாங்க."
அக்காவிடம் கேட்டேன்.
"உசுரோட கெடக்கதுட்டி, வேற என்ன" என்றாள்,
நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு.

ஜில்லி விடுவதில்லை.
"எம்மா, மள இல்ல, மழ. நாக்க உள்ள மடக்கு."
பீடி முனையை மடக்குகிற மாதிரி
மடக்கி மடக்கிப் பார்க்கிறேன்.
விரல் கேட்கும். நாக்கு கேட்காது.
அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து:
"ஏட்டி மீனா, மள வருது, பீடிய எடு!
கோளிய அடைச்சியா?"
ஜில்லி என்னைப் பார்த்தாள்.
நான் கோழியைப் பார்த்தேன்.
தெரு முழுக்க என் பிழை.

பின்கட்டு அறைப் பையன்கள் பீகார்.
அவர்களுக்கு இந்த ள அகப்படாது,
பழக்கடையில் பலம் கேட்டு நிற்பார்கள்.
எனக்கு வரும். யாரும் கற்றுத்தரவில்லை.
எங்கள் பக்கம் பழம் ஃபளொ. தண்ணீர் ஜொளொ.
அதற்குத் தனி டிக்கெட் எடுக்கவில்லை,
ஆதார் நகலும் கேட்கவில்லை ஒருத்தரும்.
இரண்டு வருஷம் வாய்க்குள் வைத்துக்கொண்டு
இல்லை இல்லை என்று அலைந்திருக்கிறேன்.
இப்போது கடையில் நான் "பளம்" என்றால்
விலையைச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.
ஊரைக் கேட்பதில்லை.

நேற்று நனைத்த கட்டில் ஓர் இலை ஓட்டையாக இருந்தது.
ஓட்டையைத் தள்ளித் தகட்டை வைத்து வெட்டினேன்.
"யாரும்மா கடிச்சா?" என்று கேட்டாள் ஜில்லி.
எங்கள் காட்டில் ஒரு புழு உண்டு,
முதுகெல்லாம் மயிர், பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும்,
அது என்றேன்.
"அதுக்குப் பேர் என்ன?"
சம்பாளுவா. சொல்லு பார்ப்போம்.
பாடப்புத்தகம் வாசிக்கிற சுத்தத்தில்,
நாக்கை நன்றாக உள்ளே மடக்கி,
"சம்பாழுவா" என்றாள்.
கத்தரியைக் கீழே வைத்தேன்.
"ழ இல்லட்டி" என்றேன்.
"ள."