ஆறு சுற்று அதிகம்

வெட்டூர்ணிமடத்தில், டயர் கடைக்குப் பின்னால்,
எங்கள் ஷெட்டுக்கு வருகிறவை
போஸ்ட்டில் தொங்குகிற வகை அல்ல.

மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒன்று வந்தது.
கருமணலைத் தரம் பிரிக்கிற உருளைக்கு
இருபதாயிரம் வோல்ட் ஏற்றித் தந்த எண்ணெய்ப் பெட்டி.
மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு பிடி மணல்.
எந்த வழியாகப் போனதோ.

முப்பந்தலில் காற்றாடியின் காலடியில் நின்றது இன்னொன்று;
ஆடி முழுக்க ஏற்றி ஏற்றி
உள்ளே தாளெல்லாம் கருகி,
தொட்டால் அப்பளம்.

குளச்சல் ஐஸ் பாக்டரிக்கு உள்ளங்கை அளவில் ஒன்று.
நானூற்றுப் பதினைந்தை நூற்றிப்பத்தாக்கி
ஒரு சுவிட்சைச் சொடுக்குவதுதான் அதற்கு வேலை.
அது செத்த இரவில்
இரண்டு டன் சீலா நாறியது.

இப்போது மேசையில் இருப்பது
குலசேகரத்து ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு.
உள்ளே வருவது இருநூற்றி முப்பது.
வெளியே போவதும் அதே இருநூற்றி முப்பது.

"வந்தது அப்படியே போவுது.
பின்ன இந்தப் பெட்டிக்கு எதுக்கு எழுபதாயிரம்?"
மேனேஜர் ஞானசிகாமணி கொட்டேஷனை மடித்து
விசிறிக்கொண்டார்.
மாட்டும்போது சொல்கிறேன் என்றேன்.

முதல் சுருள் இருநூற்றி எழுபத்தாறு சுற்று.
நூற்றித் தொண்ணூற்றொன்றில் போன்.
"ஏட்டி ஜெனிலா, சந்தையில நிக்கேன்.
சாளை வாங்கட்டா, அயிலையா?"
சாளை என்றேன்.
எண்ணிக்கை போயிற்று.
கம்பியை அவிழ்த்து, நீவி நேராக்கி,
மறுபடி
ஒன்று.

அதன்மேல் தாள். தாளின்மேல் செம்புத் தகடு, ஒரே மடிப்பு.
புறப்பட்ட முனையும் சுற்றி வந்த முனையும்
விரலகலம் விலகி நிற்க வேண்டும்.
சேர்ந்தால் அதுவும் ஒரு சுற்றாகிவிடும்,
போக்கிடம் இல்லாத சுற்று.
தன்னைத்தானே எரிக்கும்.
அந்த இடைவெளியை நான் யாரையும் நம்பி விடுவதில்லை.

மறுபடி தாள்.
இரண்டாம் சுருளும் இருநூற்றி எழுபத்தாறு.
அப்புறம் ஆறு.
பாரம் ஏறினால் வோல்ட் தாழும்;
தாழப் போவதை முன்னாலேயே சுற்றிவிடுவோம்.
பெயர்த் தகட்டில் ஒன்றுக்கு ஒன்று என்றுதான் அடிப்பது.

வார்னிஷில் முக்கி, அடுப்பில் ஒரு ராத்திரி,
காலையில் நாலாயிரம் வோல்ட் ஒரு நிமிடம்.
அந்த ஒரு நிமிடம்
ஷெட்டில் யாரும் பேசமாட்டோம்.

குலசேகரத்தில் மழை. ரெஜினால்டு வேனை
பிணவறை வாசலில் விட்டதற்கு வாட்ச்மேன் சத்தம்.
மாட்டி முடித்ததும் ஒரு குண்டு பல்பு கேட்டேன்.

சுவர்ப் பக்கம்: ஒரு ஒயர் பேஸில், ஒரு ஒயர் எர்த்தில்.
எரிந்தது.
"இது நனைந்த தரையில் நிற்கிற நர்ஸ்" என்றேன்.

பெட்டிக்கு இந்தப் பக்கம்: ஒரு ஒயர் இதில், ஒன்று எர்த்தில்.
எரியவில்லை.
மற்றதில் வைத்தேன். எரியவில்லை.
இரண்டுக்கும் நடுவில் வைத்தேன்,
எரிந்தது.

செம்புக்குச் செம்பு எங்கும் தொடவில்லை,
இரும்பில் ஓடும் காந்தம் மட்டும் சேதி சொல்கிறது.
இந்தச் சுருளில் பிறந்த மின்சாரத்துக்கு
மண் யாரென்றே தெரியாது.
மண்ணில் நிற்கிறவர்களைத் தேடி அது வராது.

மேனேஜர் பல்பை வாங்கி
தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார்.
எரியவில்லை.
கையைக் கொஞ்ச நேரம் வேட்டியில் துடைத்தார்.

நாளை ஆறரைக்கு முதல் சிசேரியன்.
வயிறு கிழிபட்டுக் கிடக்கிற நேரத்தில்
அந்தப் பெண்ணுக்கு என் பெட்டியைத் தெரியாது.
தெரியவும் வேண்டாம்.

செக்கில் அறுபத்தெட்டாயிரம் என்று எழுதி,
"ரவுண்டாக்கிட்டேன்" என்றார் ஞானசிகாமணி.

சரி என்று மடித்து வைத்துக்கொண்டேன்.
அவர் கையில் பேனா ஏறினால்
தொகை கொஞ்சம் தாழும் என்று தெரியும்.
கொட்டேஷனிலும்
ஆறு சுற்று அதிகம்தான் சுற்றியிருந்தேன்.